துபாய் 24 மணி நேரக் கார் பந்தயம்: முதன்முறை பார்க்கச் செல்வோருக்கு

நெடுநேரக் கார் பந்தயம் என்பது, குறித்த நேரம் முடியும்போது எந்தக் கார் அதிகச் சுற்றுகள் ஓடியிருக்கிறது என்று கணக்கிடும் பந்தயம். 6 மணி, 12 மணி, 24 மணி எனப் பல அளவுகளில் இது நடத்தப்படுகிறது. கார் ஒன்றுதான், ஓட்டுநர்கள் மூன்று, நான்கு, ஐந்து பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். எரிபொருள் நிரப்புவது, டயர் மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் பந்தயக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்க வேண்டும். 'எண்டியூரன்ஸ் ரேஸ்' என்று பத்திரிகைகளில் வருவது இதுதான். பள்ளி விளையாட்டு விழாவின் 100 மீட்டர் ஓட்டத்தையும் தொடர் ஓட்டத்தையும் பார்த்தவர்களுக்கு வேறுபாடு எளிதில் விளங்கும். இது தொடர் ஓட்டம். கைக்குக் கை மாறும் கோலுக்குப் பதிலாக இங்கே ஒரு கார்.

2025 ஜனவரிக்குப் பிறகு தமிழ்நாட்டில் இந்தப் பந்தயத்தைப் பற்றிய பேச்சு அதிகமாகியிருக்கிறது. நடிகர் அஜித்குமார் சொந்தமாக ஓர் அணி அமைத்து, அந்த ஆண்டு ஜனவரி 11, 12 ஆகிய நாட்களில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் கலந்துகொண்டார். மயிலம், திண்டிவனம், செஞ்சி பக்கத்து இளைஞர்கள் பலர் இப்போது 'ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க என்ன செய்ய வேண்டும்' என்று கேட்கிறார்கள். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் இல்லாத தெரு இந்த வட்டாரத்தில் குறைவு. ஆகவே துபாய் அவர்களுக்குத் தூரத்து ஊராகத் தோன்றுவதில்லை. ஆனால் செலவு தூரத்து ஊருக்கான செலவுதான். விமானம், விசா, தங்குமிடம், சாப்பாடு என்று சேர்த்தால், சிக்கனமாகப் போகிறவருக்கும் பல மாதச் சேமிப்பு கரையும். போனபின் எதைப் பார்க்கிறோம் என்றே புரியாமல் இரண்டு மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டால் அந்தப் பணம் வீண். எனவே பந்தயம் எப்படி நடக்கிறது என்பதை முதலிலும், பயண ஏற்பாடுகளை அடுத்தும் இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னே சென்ற தமிழர்கள்

சென்னை மோட்டார் பந்தயத்துக்குப் புதிய ஊர் அன்று. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தனக்கென ஓர் ஓடுதளம் அமைத்தது. 1990 முதல் அது பயன்பாட்டில் இருக்கிறது. ஒரு சுற்று 3.717 கி.மீ. இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்.

நெடுநேரப் பந்தயங்களின் தலைமைப் பீடம் பிரான்சில் உள்ள லே மான். 1923-இல் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயம் அது. அங்கே 2009-இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஆடி கார் ஒன்றில் இடம்பெற்றார். பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் பிட் சுவரிலிருந்து குதித்தபோது தோள்மூட்டு விலகிவிட, அவரால் ஓட்ட முடியாமல் போயிற்று. அவருடைய கூட்டாளிகள் இருவர் மட்டுமே மாறி மாறி 24 மணி நேரமும் ஓட்டி முடித்தார்கள். 2012-இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அங்கே ஓட்டினார். லே மான் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவரே. அவருடைய கார் ஒட்டுமொத்தத்தில் ஆறாம் இடம் பெற்றது. அப்போது நம் ஊரில் இதைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர். திரை நட்சத்திரம் ஒருவர் ஸ்டியரிங் பிடித்த பிறகே நமக்கு இந்த விளையாட்டு கண்ணில் பட்டது. அதில் குறை ஒன்றுமில்லை. எந்த வாசல் வழியாக வந்தாலும் வீட்டுக்குள் வந்தால் சரி.

ஏன் லே மான் போகாமல் துபாய் போக வேண்டும் என்று ஒரு மாணவர் கேட்கலாம். லே மான் ஓடுதளம் 13.626 கி.மீ. நீளம், அதில் ஒரு பகுதி மற்ற நாட்களில் மக்கள் போய்வரும் பொதுச் சாலை. லட்சக்கணக்கானோர் கூடுவார்கள், பலர் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். ஷெங்கன் விசா, ஐரோப்பியச் செலவு, மொழி ஆகிய மூன்றும் சேர்ந்தால் முதல் பயணத்துக்கு அது பாரம். துபாய் ஓடுதளம் 5.39 கி.மீ. மட்டுமே. சென்னையிலிருந்து நான்கு மணி நேர விமானப் பயணம். பேசத் தமிழ் ஆள் எந்த மூலையிலும் கிடைப்பார்.

பந்தயத்தின் கணக்கு

துபாய் 24 மணி நேரப் பந்தயம் 2006 முதல் துபாய் ஆட்டோட்ரோம் ஓடுதளத்தில் நடக்கிறது. கிரெவென்டிக் என்ற நெதர்லாந்து நிறுவனம் நடத்தும் தொடரின் ஒரு பகுதி இது. ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் முடியும்.

வேகமான கார்கள் ஒரு சுற்றை ஏறத்தாழ 2 நிமிடத்தில் முடிக்கின்றன. அப்படியானால் மணிக்கு 30 சுற்று, 24 மணி நேரத்துக்கு 720 சுற்று வர வேண்டும். வெற்றி பெறும் கார்கள் ஓடுவதோ 600-ஐ ஒட்டித்தான். மீதமுள்ள நூற்றுச் சொச்சம் சுற்று எங்கே போயிற்று? எரிபொருள், டயர், ஓட்டுநர் மாற்றம், விபத்துக்குப் பின் மெதுவாக ஓடிய நேரம் ஆகியவற்றில் கரைந்து போயிற்று. இந்தப் பந்தயத்தின் விறுவிறுப்பு முழுவதும் அந்த நூற்றுச் சொச்சம் சுற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. யார் அதைக் குறைவாக இழக்கிறாரோ அவர் வெல்கிறார். 600 சுற்று என்பது 3,200 கி.மீ.க்கும் மேல், கன்னியாகுமரியில் புறப்பட்டுத் தில்லியைத் தாண்டிப் போகிற தொலைவு. அதை ஒரே நாளில் ஒரு கார் ஓடுகிறது.

கிரெவென்டிக் பந்தயங்களுக்கே உரிய இரண்டு ஏற்பாடுகளைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. முதலாவது எரிபொருள். பல பந்தயங்களில் ஒவ்வோர் அணியும் தன் பிட்டிலேயே நிரப்பிக்கொள்ளும். இங்கே எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெட்ரோல் பங்க் போன்ற இடம் இருக்கிறது. கார்கள் அங்கே வந்துதான் நிரப்ப வேண்டும். முன்னால் இரண்டு கார் நின்றால் பின்னால் வருகிறவர் காத்திருக்க வேண்டியதுதான். உலகத் தரப் பந்தயக் கார் திண்டிவனம் பைபாஸ் பங்க் வரிசையில் நிற்பதுபோல் நிற்பதைக் காண வேடிக்கையாக இருக்கும். ஆனால் அணி மேலாளருக்கு அது வேடிக்கையன்று; அந்த வரிசையில் எப்போது சேருவது என்பதே அவருடைய பெரிய கணக்கு.

இரண்டாவது, 'கோட் 60'. ஓடுதளத்தில் விபத்து நேர்ந்தாலோ உடைந்த பாகம் கிடந்தாலோ ஊதா நிறக் கொடி காட்டப்படும். உடனே எல்லாக் கார்களும் மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்குக் குறைய வேண்டும். முந்தக் கூடாது. 60 கி.மீ. வேகத்தில் 5.39 கி.மீ. ஓட 5 நிமிடம் 23 விநாடி ஆகும். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். எரிபொருள் நிரப்பி வர 5 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் முழு வேகத்தில் ஓடும்போது உள்ளே போனால் இரண்டரைச் சுற்று இழப்பு. கோட் 60 நேரத்தில் போனால் ஒரு சுற்றுகூட இழப்பில்லை. ஊதாக் கொடி தெரிந்த உடனே சில கார்கள் பங்க்கை நோக்கித் திரும்புவதன் காரணம் இதுதான். இதிலும் விதிகள் உண்டு, ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுவதும் உண்டு. அடிப்படை மட்டும் இது. எட்டாம் வகுப்பு நேரம்–வேகம்–தொலைவுக் கணக்கு இவ்வளவு பணத்தைத் தீர்மானிப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

ஒரே தளத்தில் பல வகுப்புக் கார்கள் சேர்ந்து ஓடுகின்றன என்பதும் முக்கியம். ஜிடி3 கார்கள் வேகமானவை. போர்ஷே 992 கோப்பைக் கார்கள் அடுத்தவை. ஜிடி4 கார்கள் அவற்றைவிட மெதுவானவை. முன்னால் ஒரு கார் இன்னொன்றைத் தாண்டினால் அது போட்டியாளரைத் தாண்டுகிறது என்று பொருளில்லை; வேறு வகுப்புக் காரை வழியில் கடந்து போகிறது, அவ்வளவுதான்.

2025-இல் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது நானும் அந்த அரங்கில் சில மணி நேரம் இருந்தேன். என் பக்கத்தில் செஞ்சிப் பக்கத்து இளைஞர் ஒருவர். கட்டட வேலை ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். ஒரு பாக்கெட் நோட்டில் சுற்றுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று திரும்பி, 'சார், நம்ம வண்டி முன்னாடி போவுதா, பின்னாடி போவுதா?' என்று கேட்டார். முதன்முறை பார்க்கும் எல்லோருடைய கேள்வியும் அதுதான். விடை கண்ணுக்குத் தெரியாது, திரையில்தான் தெரியும். நேர அட்டவணை என்று ஒரு பக்கம் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒட்டுமொத்த இடம், வகுப்புக்குள் இடம், ஓடிய சுற்று, முன்னால் இருப்பவருடன் உள்ள இடைவெளி, பிட்டுக்கு வந்த முறை ஆகிய ஐந்தை மட்டும் பாருங்கள். அந்த ஆண்டு அஜித்குமார் அணியின் காருக்கு எண் 901, அவர் பெயரோடு ஓடிய ஜிடி4 காருக்கு எண் 414. முதல் இலக்கத்தைக் கொண்டே வகுப்பை அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. அந்த இளைஞருக்கு நான் அட்டவணையைக் காட்டிய பிறகும் அவர் கோடு போடுவதை நிறுத்தவில்லை. திரையில் வரும் எண்ணோடு தன் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்.

2025-இல் நடந்தது

பந்தயத்துக்குச் சில நாட்கள் முன், பயிற்சியின்போது அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவருக்குக் காயம் ஏதுமில்லை. கார் பலத்த சேதம். அதன் பிறகு 901-ஆம் காரை அவர் ஓட்டுவதில்லை என்று அணி அறிவித்தது. அணியின் உரிமையாளராக அவர் நின்றுகொள்ள, மற்ற ஓட்டுநர்கள் அந்தக் காரை ஓட்டினார்கள். அவர் 414-ஆம் காரில் ஜிடி4 வகுப்பில் பங்கேற்றார். இயந்திரப் பணியாளர்கள் சரிசெய்து கொடுத்த 901, 992 வகுப்பில் மூன்றாம் இடம் பெற்றது. ஒட்டுமொத்த வெற்றி டபிள்யூஆர்டி அணியின் பிஎம்டபிள்யூ காருக்குக் கிடைத்தது.

முதல் பயணம் போகிறவர்கள் இந்த நிகழ்ச்சியைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒருவரைப் பார்க்கவே டிக்கெட் எடுத்துப் போனவர்கள், அவர் அந்தக் காரில் இல்லை என்று போன பிறகு தெரிந்துகொண்டார்கள். நெடுநேரப் பந்தயத்தில் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். யாரும் முழு 24 மணி நேரமும் ஓட்டுவதில்லை. உங்களுக்குப் பிடித்தவர் ஓட்டும் பங்கு விடியற்காலை மூன்று மணிக்கு வரலாம், உடல்நிலை சரியில்லையென்றால் வராமலும் போகலாம். ஹெல்மெட்டுக்குள் இருப்பவர் முகம் எப்படியும் தெரியாது. காரையும் அணியையும் பார்க்கப் போகிறோம் என்று மனத்தைத் தயார் செய்துகொண்டு போகிறவருக்கு ஏமாற்றம் இல்லை. பந்தயத்தை ஒட்டி அளித்த பேட்டியில் அஜித்குமாரே, தன்னையும் பிற நடிகர்களையும் வாழ்த்துவதை விட்டு அவரவர் வாழ்க்கையை முதலில் கவனிக்கும்படி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். கடன் வாங்கிப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

வீட்டிலிருந்தபடி ஓர் ஒத்திகை

பயணத்துக்கு முன் இரண்டு காரியங்கள் செய்யலாம். இரண்டுக்கும் செலவு குறைவு.

ஒன்று, கிரெவென்டிக் தொடரின் பந்தயங்கள் யூடியூபில் இலவசமாக நேரடியாக ஒளிபரப்பாகின்றன. துபாய் தவிர இத்தாலியின் முஜெல்லோ, ஸ்பெயினின் பார்சிலோனா போன்ற இடங்களிலும் நடக்கின்றன. ஏதாவது ஒன்றை முழுவதுமாக ஒரு இரவு பார்த்துவிடுங்கள். எந்த நேரத்தில் உங்களுக்குச் சலிப்புத் தட்டுகிறது, எப்போது தூக்கம் வருகிறது என்பது தெரிந்துவிடும். இரவு 11 மணிக்கே தொலைக்காட்சியை அணைக்கிறவர் துபாய்க்குப் பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு முறை யோசிக்கலாம்.

இன்னொன்று, இருங்காட்டுக்கோட்டை. அங்கே நடப்பவை பெரும்பாலும் குறுகிய நேரப் பந்தயங்கள். என்றாலும் உண்மையான பந்தயக் காரின் சத்தம், வேகம், டயர் கருகும் வாசனை, கொடி காட்டும் பணியாளர்கள், பிட் பரபரப்பு எல்லாம் அங்கே கிடைக்கும். திண்டிவனத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வந்து, ஒரகடம் சாலையில் ஸ்ரீபெரும்புதூர் போய், அங்கிருந்து சென்னைப் பக்கமாகச் சில கி.மீ. சென்றால் இருங்காட்டுக்கோட்டை. காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்பிவிடலாம். பந்தய நாட்களையும் நுழைவு விவரத்தையும் முன்னதாகக் கேட்டுக்கொண்டு போங்கள். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்ததே, அது வேறு வகை. நகரச் சாலையில் நடக்கும் குறும்பந்தயம்.

பாஸ்போர்ட், விசா

பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு விசா தேவை. சுற்றுலா விசாவை விமான நிறுவனம் மூலமாகவோ பதிவு பெற்ற முகவர் மூலமாகவோ எடுக்கலாம்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து, மற்ற கட்டம் காலியாக இருக்கும். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. உங்கள் பாஸ்போர்ட்டை இன்றே எடுத்து இந்த இரண்டு பக்கங்களையும் பாருங்கள். திருத்தம் தேவையென்றால் அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். விமான நிலையக் கவுன்ட்டரில் நிற்கும்போது தெரிந்து பயனில்லை.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை என்ற குறிப்பு, அதாவது இசிஆர், இருக்கலாம். அது வேலைக்குச் செல்வோருக்கான பாதுகாப்பு ஏற்பாடு. சுற்றுலாப் பயணியாகப் போகிறவரிடம் குடியேற்ற அதிகாரிகள் கூடுதலாகக் கேள்வி கேட்கலாம்; திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, கைச்செலவுப் பணம் ஆகியவற்றைக் காட்டத் தயாராக இருக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று. 'விசிட் விசாவில் வா, ரேஸும் பார்த்துக்கலாம், அப்படியே வேலையும் வாங்கித் தருகிறேன்' என்று சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்வது அங்கே சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அபராதம், நாடு கடத்தல், மறுபடி நுழையத் தடை. வேலை தந்தவரும் அப்போது கைவிட்டுவிடுவார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் எவரிடமும் அதைக் கொடுக்காதீர்கள். பந்தயம் பார்க்கப் போகிறவர் பந்தயம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். வேலைக்குப் போகிறவர் வேலை விசாவில் போக வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போடக் கூடாது.

பெட்டியில் போடக் கூடாதவை

உறவினர் வீட்டுக்கு மசாலாப் பொடி, ஊறுகாய், முறுக்கு கொண்டுபோவது நம் வழக்கம். கசகசா மட்டும் வேண்டாம். நம் சமையலறையில் சாதாரணப் பொருளான அது அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். சிறு பொட்டலம் இருந்தாலும் சிறைக்குப் போக நேரிடும். அரைத்த மசாலாவில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பெட்டியை மூடுங்கள். வெற்றிலையும் கூடாது. மயிலம் முருகன் கோயில் பிரசாதத்தோடு இரண்டு வெற்றிலையை மடித்துவைக்கும் பாட்டிமாரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது சிரமம்தான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். யாராவது 'இதை அங்கே என் தம்பியிடம் கொடுத்துவிடு' என்று கட்டித் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவற்றை எடுத்துச் செல்லாதிருப்பதே நலம்.

போவதும் தங்குவதும்

பந்தயம் ஜனவரியில் வருவதால் தேதி இரண்டு பக்கமும் நெருக்கும். புத்தாண்டு விடுமுறை முடிந்து வளைகுடா திரும்புவோர் கூட்டத்தால் போகும் டிக்கெட் விலை ஏறும். திரும்பும்போது பொங்கல். 2025-இல் ஞாயிறு பந்தயம் முடிந்தது, திங்கள் போகி. அன்று சென்னையில் இறங்கித் தெற்கே வருகிறவர் நிலையை ஜி.எஸ்.டி. சாலையில் ஒருமுறையாவது மாட்டிக்கொண்டவர்கள் அறிவார்கள். தேதி அறிவித்த உடனேயே டிக்கெட் எடுப்பது ஒன்றே வழி.

நம் வட்டாரத்துக்கு ஒரு வசதி, சென்னை விமான நிலையம் நம் சாலையிலேயே இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து வரும் பேருந்துகளில் பல இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மாநகரப் பேருந்தில் விமான நிலையம் போகலாம். ரயிலில் வந்தால் தாம்பரத்தில் மாறித் திரிசூலத்தில் இறங்க வேண்டும். நிலையம் எதிரிலேயே இருக்கிறது. பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் கொள்க.

துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ஆட்டோட்ரோம் இருக்கும் மோட்டார் சிட்டி பகுதி நகரின் பழைய மையத்திலிருந்து தள்ளியிருக்கிறது. மெட்ரோ ரயில் அதுவரை போவதில்லை. மெட்ரோவில் பாதித் தூரம் வந்து, பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும். தேரா, பர் துபாய் பகுதிகளில் அறை மலிவு, கராமாவில் நம் ஊர்ச் சாப்பாடு தாராளம். ஆனால் ஓடுதளத்துக்கு நெடுந்தூரம். அல் பர்ஷா பக்கம் தங்கினால் தொலைவு பாதிக்கும் குறைவு. மெட்ரோ இரவு முழுவதும் ஓடாது. நள்ளிரவில் அரங்கை விட்டுப் புறப்படுகிறவர் டாக்சிக்குப் பணம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து போனால் இந்தச் செலவு நான்கில் ஒன்றாகும். தனியாகப் போவதைவிட நண்பர்களோடு போவது எல்லா வகையிலும் நல்லது.

நுழைவுச் சீட்டு விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். அரங்கில் உட்காருவதும் பேடக் எனப்படும் அணிகளின் பின்முற்றத்துக்குள் போவதும் வேறு வேறு அனுமதிகள். அமைப்பாளர்களின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும் பார்த்து வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் சீட்டை நம்ப வேண்டாம்.

அந்த 24 மணி நேரம்

ஜனவரி நடுவில் துபாயில் சூரியன் மாலை 5.50 அளவில் மறைந்து காலை 7.05 அளவில் உதிக்கிறது. 24 மணி நேரத்தில் 13 மணி நேரத்துக்கும் மேல் இருட்டு. ஜூன் மாதம் நடக்கும் லே மானில் இருட்டு எட்டு மணி நேரம்தான். ஆக இரவில் ஓட்டும் நேரத்தைப் பொறுத்தவரை துபாய் லே மானைவிட நீண்டது. பகலில் வெயில் இதமாக இருக்கும். இரவில் பாலைவனக் குளிர், 15 டிகிரி அளவுக்கு இறங்கும். காங்கிரீட் படியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அது மார்கழிப் பனியைவிட அதிகமாகவே உறைக்கும். ஸ்வெட்டர், மப்ளர், ஒரு போர்வை கட்டாயம்.

முழு நேரமும் விழித்திருந்து பார்ப்பேன் என்று சபதம் போடாதீர்கள். ஓட்டுநர்களே தூங்கி எழுந்துதான் ஓட்டுகிறார்கள். என் யோசனை இது: தொடக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். தொடக்கமும் முதல் இரண்டு மணி நேரமும் பாருங்கள். பிறகு சாப்பிட்டுவிட்டு, அந்தி மயங்கும் நேரத்தில் ஒரு வளைவின் அருகே நில்லுங்கள். வேகம் குறைக்கும்போது சக்கரத்துக்குள் பிரேக் தட்டு சிவப்பாகக் கனல்வது அப்போது தெரியும். தொலைக்காட்சியில் அது ஒருநாளும் இப்படித் தெரியாது. பத்து மணி வாக்கில் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டு, விடியும் முன் திரும்பி வாருங்கள். விடியற்காலையில்தான் களைப்பால் தவறுகள் நடக்கும், அணிகளின் உண்மை நிலை தெரியும். முந்தின நாள் பளபளத்த கார்கள் அழுக்கும் டேப்பும் ஒட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பதே தனி அனுபவம்.

கடைசி மணி நேரத்தில் எழுந்து போகாதீர்கள். 2016 லே மானில் டொயோட்டா அணியின் கார் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ மூன்று நிமிடம் இருக்கும்போது வேகம் இழந்து எல்லைக்கோட்டருகே நின்றுவிட்டது. வெற்றி போர்ஷேவுக்குப் போயிற்று. 23 மணி 57 நிமிடம் என்பது 24 மணி ஆகாது.

காதுக்குப் பஞ்சுச் செருகிகள் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். ஒரு மணி நேரச் சத்தம் உற்சாகம், பத்து மணி நேரச் சத்தம் காதுக்குக் கேடு. குழந்தைகளோடு போகிறவர்கள் காதை மூடும் கவசம் இல்லாமல் அவர்களை உள்ளே அழைத்துச் செல்லவே கூடாது.

வேலிக்கு அப்பால் கால் வைக்கக் கூடாது. 1955-இல் லே மானில் ஒரு கார் மோதி அதன் பாகங்கள் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் அந்தக் காரின் ஓட்டுநரும் இறந்தார்கள். இன்றைக்கு ஓடுதளங்களில் காணும் உயர்ந்த கம்பி வேலி, மண் மேடு, இடைவெளி எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த நாள் இருக்கிறது. செல்ஃபிக்காக வேலியில் ஏறுகிறவர் தன்னை மட்டுமன்று, கொடி காட்டி நிற்கும் பணியாளரையும் ஆபத்தில் தள்ளுகிறார். பேடக் அனுமதி கிடைத்தாலும் பிட் வாசலில் கூடிக் கோஷம் போடுவது கூடாது. பக்கத்து அறையில் ஓட்டுநர் ஒருவர் அடுத்த முறைக்காகத் தூங்கிக்கொண்டிருப்பார். தெரியாதவர்களை, குறிப்பாகப் பெண்களை, அனுமதியின்றிப் படம் எடுப்பது அந்த நாட்டில் சட்ட மீறல். டிரோன் கொண்டுபோக வேண்டாம்.

பந்தயம் முடிந்து பரிசளிப்பு நடக்கும்போது ஒட்டுமொத்த வெற்றியாளரோடு ஒவ்வொரு வகுப்பின் முதல் மூன்று அணிகளையும் அழைப்பார்கள். உங்கள் அணி எந்த வகுப்பு என்று தெரிந்திருந்தால் காத்திருந்து பார்க்கலாம். அதன் பிறகு வாகன நெரிசல் குறைய ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை அரங்கிலேயே உட்கார்ந்து சாப்பிடுவது உசிதம். திரும்பும் விமானத்தைத் திங்கட்கிழமைக்கு முன்பதிவு செய்யாதீர்கள். செவ்வாய்க்கிழமை வைத்துக்கொண்டால், திங்கட்கிழமை முழுவதும் தூங்குவதற்கு இருக்கும்.